பனிமலைக்குப் பாட்டியும் வரட்டும்

கேள்வி: நாங்கள் தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறோம். இந்தக் குளிர்காலத்தில் சொந்தக் காரிலேயே போய், ஒரு வாரம் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு வர வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. கல்லூரி நாட்களில் உத்தராகண்டின் ஆலியில் பயிற்சி எடுத்தவர் அவர். மகனுக்கு 14 வயது. பள்ளி முகாமில் கற்றுக்கொண்டு நன்றாகவே சறுக்குகிறான். மகளுக்கு 8 வயது, பனியை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு 42, சரிவு என்றாலே பயம். மாமியாருக்கு 69. ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அப்பாவும் பிள்ளையும் காஷ்மீரின் குல்மார்க்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். மாமியாரைச் சென்னையில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போவதா? எங்கள் எஸ்யூவி பனியில் ஓடுமா? எங்கே, எப்போது, எத்தனை நாள் போகலாம்?

— மயூர் விஹார் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மணாலியில் தங்குங்கள், சோலங் பள்ளத்தாக்கில் சறுக்குங்கள். ஜனவரி 26 விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு கிளம்புங்கள். வழியில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு இரவு, மலையில் ஐந்து இரவு, ஆக ஏழு இரவு வேண்டும். மாமியாரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

பயண ஏற்பாடு செய்து கொடுப்பதே என் தொழில் என்பதால் இப்படிப்பட்ட குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் வீட்டில் யார் நன்றாகச் சறுக்குவாரோ அவர்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். மற்றவர்கள் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடுமுறையைக் கழிக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஐந்து பேர். இரண்டு பேருக்குச் சறுக்கத் தெரியும், இரண்டு பேருக்குத் தெரியாது, ஒருவரால் முடியாது. தெரியாதவருக்கும் முடியாதவருக்கும் எந்த ஊர் ஒத்துவரும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு நல்ல சரிவை அங்கேயே பக்கத்தில் தேடிக் கொடுத்துவிடலாம். குல்மார்க்கின் உச்சியில் உங்கள் மாமியாருக்கு ஒன்றும் தேடித் தர முடியாது.

குல்மார்க் அருமையான இடம், மறுக்கவில்லை. ஊரே 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா என்னும் கம்பிவட வண்டியின் முதல் கட்டம் கோங்டூரிக்குப் போகிறது, இரண்டாம் கட்டம் அப்ஹர்வட் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை ஏறுகிறது. உங்கள் கணவரும் மகனும் ஆசைப்படுவது அந்த மேல் கட்டத்துக்குத்தான். ஆனால் அங்கிருந்து இறங்கும் சரிவுகளில் பெரும்பகுதி சீர்படுத்தாத இயற்கைப் பனி. பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2024 பிப்ரவரியில் அங்கே நடந்த பனிச்சரிவில் ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் இறந்துபோனார். கல்லூரி நாளில் எடுத்த பயிற்சியும் ஒரு பள்ளி முகாமும் அந்த மலைக்குப் போதாது. இதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

காரில் போவதென்றால் இன்னும் சிக்கல். தில்லியிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். சுரங்கப்பாதைகள் வந்தபின் ஜம்மு–ஸ்ரீநகர் சாலை எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது, ஆனால் ராம்பன் பக்கத்தில் ஒரு மழையோ பனியோ வந்தால் மண் சரிந்து சாலை அடைபடுகிறது. அடைபட்டால் ஒரு நாளா இரண்டு நாளா என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறும் பதின்மூன்று கிலோமீட்டரில், பனி விழுந்த நாளில், டயரில் பனிக்கான செயின் போடாத வண்டியை விடமாட்டார்கள். குல்மார்க் போக ஆசையிருந்தால் இன்னொரு வருடம் அப்பாவும் பிள்ளையும் மட்டும் ஸ்ரீநகருக்கு விமானத்தில் போய் வரட்டும்.

ஆலியில் ஆரம்பப் பாடத்துக்கு நல்ல சரிவு இருக்கிறது. ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஆலிக்குப் போகும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. முழங்கால் முடியாதவர்களை மேலே கொண்டுபோக அதுதான் வசதி. தவிர, ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை 250 கிலோமீட்டர் மலைப்பாதை. பெரியவரை உட்கார வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் அது வேண்டாம். சிம்லாவுக்கு மேலே நார்கண்டா பக்கம்தான், ஆனால் சரிவு சிறியது, பனியும் நிச்சயமில்லை.

எப்போது போவது என்பதற்கு வருவோம். தில்லிப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை ஜனவரி முதல் பாதியில் வருவதால் எல்லோரும் அப்போதே கிளம்புகிறார்கள். அந்த நாட்களில் பனியே இல்லாமல் போவது இப்போது அடிக்கடி நடக்கிறது. மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்லும் அந்தக் காற்றுச் சுழற்சி வந்தால்தான் இமயத்தில் பனி. அது தாமதமானால் ஓட்டலுக்குக் கட்டிய முன்பணத்துக்காக அது வந்துவிடப் போவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கே மாதக் கடைசி வரை வெறும் புல்தரையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் ஒரு வாரத்தைப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு நாலைந்து நாள் லீவு போட வேண்டிவரும். ஆண்டுத் தேர்வு நெருங்கும் முன்பே என்பதால் வகுப்பாசிரியரிடம் இப்போதே பேசி வையுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் ஓட்டலாகவே பதிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு சோலங்கில் இருக்கும் பயிற்சியாளரையே போனில் கூப்பிட்டு, கீழ்ச் சரிவில் பனி முழங்கால் அளவாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டல்காரரிடம் கேட்டால் எப்போதும் இருக்கிறது என்றுதான் சொல்வார்.

இனி சாலை. மணாலி தில்லியிலிருந்து சுமார் 530 கிலோமீட்டர். இங்கே எல்லோருக்கும் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, முர்தலில் பராத்தா சாப்பிட்டு, இரவுக்குள் மணாலியில் இருந்துவிட வேண்டும் என்று ஒரு பழக்கம். குளிர்காலத்தில் அதை விட்டுவிடுங்கள். ஜனவரியில் பானிபட், கர்னால், அம்பாலா வரை விடியற்காலையில் மூடுபனி கெட்டியாக இறங்கியிருக்கும். முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. தொடர் விபத்துகள் நடப்பது அந்த நேரத்தில்தான். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல், மூடுபனி விலகியதும் கிளம்புங்கள். அம்பாலாவுக்குப் பிறகு கரார், ரோபர் வழியாக கீரத்பூர். அங்கிருந்து நேர்சௌக் வரை 2023இல் திறந்த நான்கு வழிச் சாலை, வரிசையாகச் சுரங்கங்கள். சுவார்காட் வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுத்த காலம் போய்விட்டது. அன்று இரவு சுந்தர்நகரிலோ மண்டியிலோ தங்கிவிடுங்கள். மறுநாள் பண்டோ அணை, ஔட் சுரங்கம், குல்லு என்று பகல் வெளிச்சத்தில் போகலாம். மண்டிக்கு மேலே மண்சரிவில் போக்குவரத்தை நிறுத்துவது வழக்கம், 2023, 2025 வெள்ளங்களில் இந்தச் சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டும் போனது. எனவே இரண்டாம் நாளுக்கு வேறெந்தத் திட்டமும் வைத்துக்கொள்ள வேண்டாம். மாமியாருக்காக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அவரை அதில் உட்கார வையுங்கள். அறுவை ஆன முழங்காலை மடக்கியே வைத்திருந்தால் இறங்கும்போது உயிர் போகும்.

அப்புறம், வண்டி. எஸ்யூவி என்று எழுதியிருக்கிறீர்கள். உயரமான வண்டி என்பதால் மட்டும் அது பனியில் ஓடிவிடாது. நம் ஊரில் விற்கும் பெரும்பாலான எஸ்யூவிகளில் இஞ்சின் முன் சக்கரங்களை மட்டும்தான் சுழற்றுகிறது. உங்களுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியா என்று பதிவுப் புத்தகத்திலோ கையேட்டிலோ பாருங்கள். இல்லையென்றால், என் யோசனை: மணாலி வரை உங்கள் கார், அதற்கு மேல் உள்ளூர் டாக்ஸி. சோலங் மணாலியிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். சாலை காய்ந்திருக்கும் நாளில் நீங்களே ஓட்டிப் போகலாம், பனி விழுந்த நாளில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளைத் தவிர மற்றவற்றை போலீசாரே வழியில் நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பர் கடைசியில் சோலங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றன. டாக்ஸிக் காசு பெரிதில்லை.

ஆனாலும் நீங்கள் தூங்கி எழும்போது ஓட்டல் வாசலிலேயே அரையடி பனி விழுந்திருக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். உங்கள் டயர் அளவுக்கேற்ற ஸ்நோ செயின் ஒரு ஜோடி வாங்கி, மயூர் விஹாரில் சொசைட்டி பார்க்கிங்கிலேயே கணவரும் மகனும் மாட்டிப் பழகட்டும். இஞ்சின் எந்தச் சக்கரத்தை இழுக்கிறதோ அதில்தான் செயின் போட வேண்டும், முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் சக்கரத்தில். செயினைச் சிக்கெடுத்து டயர் மேல் விரித்து, உட்புறக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்புறத்தை இழுத்துப் பூட்ட வேண்டும். பத்தடி ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், முதல் முறையில் யாருக்கும் சரியாக இறுகாது. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். விரல் மரத்துப்போன குளிரில், இருட்டில், இதை முதல் முறையாகச் செய்ய முடியாது. அதனால்தான் வீட்டிலேயே பழகச் சொல்கிறேன்.

ரேடியேட்டரில் இத்தனை நாள் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால், கிளம்பும் முன் அதை எடுத்துவிட்டு உறையாத கூலன்ட் ஊற்றுங்கள், தண்ணீர் உறைந்தால் இஞ்சினே வெடிப்பு விடும். இரவில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காமல், சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். காலையில் கண்ணாடியில் உறைந்ததைக் கரைக்க வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பயப்பட வேண்டியது காலை ஒன்பது மணிக்கு முன், மலையின் நிழல் விழும் வளைவுகளில் தாரின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பனிக்கட்டிப் படலத்துக்குத்தான்.

ஓட்டலைப் பதிவு செய்யும்போது இயற்கைக் காட்சியை விட்டுவிட்டு, வாசலிலிருந்து பெரிய சாலைக்கு வரும் பாதை ஏற்றமா சமமா என்று கேளுங்கள். ஊருக்குள்ளோ, அலேயோ, பிரிணி பக்கமோ போதும். லிஃப்ட் வேண்டும், அல்லது மாமியாருக்குத் தரைத்தள அறை. பனி விழுந்தால் மின்சாரம் போகும், ஜெனரேட்டரில் ஹீட்டர் ஓடுமா என்றும் கேளுங்கள். குளிருக்கு என்று யாராவது கரி அடுப்பு கொண்டுவந்து வைத்தால், மூடிய அறையில் அதை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயு உயிரைக் குடிக்கும், தில்லியில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்கும்.

இனி சறுக்கும் விஷயம். உங்களுக்கும் மகளுக்கும் உங்கள் கணவர் சொல்லித் தர வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். கணவனிடம் கற்றால் மூன்றாவது விழுதலில் சண்டை வரும், அவருக்கும் அன்றைய சறுக்கல் போகும். மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலுள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1961 முதல் இருக்கிறது. அதன் வகுப்புகள் தங்கிப் படிப்பவை, குடும்ப விடுமுறைக்குச் சரிவராது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் தனியாகக் கற்றுத் தருகிறார்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லி, நான்கு நாளுக்கு, தினமும் காலை பத்து முதல் ஒன்று வரை, உங்கள் இருவருக்கும் ஒரே ஆளைப் பேசிக்கொள்ளுங்கள். சோலங்கில் இறங்கியதுமே கையைப் பிடித்து இழுப்பவர்கள், பத்து மீட்டர் தள்ளிவிட்டு ஒரு போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள். அது பாடமே இல்லை.

பூட்ஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஆரம்பத்தில் வரும் கஷ்டம் பாதி காலில்தான். ஒரே ஒரு ஜோடி நீளக் காலுறை போடுங்கள். குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து, ரத்த ஓட்டம் குறைந்து, இன்னும் சீக்கிரம் குளிரும். நிமிர்ந்து நின்றால் கால்விரல் பூட்ஸின் முனையைத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் சற்றுப் பின்னுக்கு வர வேண்டும், குதிகால் கொஞ்சமும் தூக்கக் கூடாது. அப்படி இருந்தால் அளவு சரி. பெரிய பூட்ஸ் சுகமாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் நீங்கள் திரும்ப நினைத்தாலும் சறுக்குப் பலகை திரும்பாது. பலகையின் உயரம் உங்கள் மோவாய்க்கு வந்தால் போதும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் உங்கள் எடைக்கேற்பத் திருகி வைத்ததா என்று கேட்டு, கடைக்காரரை உங்கள் முன்னாலேயே ஒரு முறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விழும்போது அது கழலாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். மகளுக்கு ஹெல்மெட் கிடைக்காவிட்டால் சறுக்க விடாதீர்கள். தில்லியிலிருந்தே வாங்கிப் போவது நல்லது. ஜீன்ஸ் யாரும் போட வேண்டாம், ஒரு முறை விழுந்தால் நனைந்துவிடும்.

42 வயதில் முடியுமா என்ற உங்கள் தயக்கத்துக்கு: முடியும். முதல் நாள் சரிவில் ஏறவே வேண்டாம். சமதளத்தில் ஒரு பலகையோடு நடப்பது, விழுவது, எழுவது, அவ்வளவுதான். எழுவதற்குத்தான் அதிகம் பழக வேண்டும்: பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, மலைப்பக்கம் கை ஊன்றி எழ வேண்டும். இரண்டாம் நாள் பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கம் அகட்டி, சறுக்கலை நிறுத்தக் கற்றுக்கொள்வீர்கள். குழந்தைகளுக்குப் பயிற்சியாளர்கள் அதை ‘பீட்ஸா’ என்று சொல்லித் தருவார்கள். உங்கள் மகள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வாள், உங்களுக்கு ஒரு நாள் ஆகும். நிறுத்தத் தெரிந்த அந்த நிமிடத்தில் சரிவு மேலுள்ள பயம் பாதி போய்விடும். மூன்றாம் நாள் மதியம் கால் தசை நடுங்கும்போது நிறுத்திவிடுங்கள், அந்த நேரத்தில்தான் அடிபடும். ஞாயிறன்று சோலங்கில் கூட்டமும் ஸ்நோ ஸ்கூட்டரும் குதிரையும் நிறைந்திருக்கும். அன்று யாரும் சறுக்க வேண்டாம்.

கணவருக்கும் மகனுக்கும் சோலங்கின் மேல்பகுதி இருக்கிறது, ரோப்வேயில் ஏறி வழிகாட்டியோடு இறங்கலாம். முதல் நாள் அவர்களும் கீழ்ச் சரிவிலேயே இருக்கட்டும், பழைய பழக்கம் காலுக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள் மட்டும் இருவரையும் ஹம்டா பக்கம் சேத்தன் கிராமத்துக்கு அனுப்புங்கள். மணாலியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், கூட்டம் குறைவு, நல்ல பனி. அங்குள்ள பையன்களே வழிகாட்டுவார்கள். அந்தச் சாலை செங்குத்து, நான்கு சக்கரமும் இழுக்கும் உள்ளூர் வண்டியில்தான் போக வேண்டும். ஒரு விஷயம்: மறுநாள் யார் கார் ஓட்டப் போகிறாரோ அவர் முந்தின நாள் மதியத்தோடு சறுக்கலை முடித்துவிட வேண்டும்.

மாமியாருக்கு அங்கே என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. மணாலி 2,050 மீட்டர்தான், ரத்த அழுத்தக்காரர்கள் பெரும்பாலும் தாங்கும் உயரம். ஆனாலும் அவருடைய டாக்டரிடம் கேட்டு, மாத்திரையைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தேவதாரு மரங்களுக்கு நடுவே இடும்பி கோவில் இருக்கிறது. பீமனை மணந்த அதே இடும்பி, கடோத்கஜனின் அம்மா. 1553இல் கட்டிய மரக் கோவில். ராமாயணம், பாரதம் கேட்டு வளர்ந்தவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மூன்று கிலோமீட்டரில் வசிஷ்ட், அங்கே வெந்நீர் ஊற்று. ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைத் தாண்டினால் லாஹௌல், வேறு உலகம். பனி குறைந்த நாளில் டாக்ஸியில் அங்குள்ள சிஸ்ஸு கிராமம் வரை போய், ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம், அது மூவாயிரம் மீட்டருக்கு மேல் என்பதால் அதிக நேரம் இருக்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் உள்ளூர்த் திருவிழாவுக்காக சிஸ்ஸு மக்கள் சுற்றுலாவை நிறுத்தி வைப்பதுண்டு. அப்படியிருந்தால் அவர்கள் ஊர், அவர்கள் வழக்கம், போக வேண்டாம்.

அவர் புடவைதான் கட்டுவார் என்று நினைக்கிறேன். உள்ளே தெர்மல், கணுக்கால் தெரியும்படி புடவையைச் சற்று உயர்த்திக் கட்டி, மேலே நீளக் கோட்டு, காலில் அடிப்பாகம் பற்றுள்ள பூட்ஸ். புடவை ஓரம் பனியில் ஈரமானால் அரை மணியில் கால் விறைத்துவிடும். ஊன்றுகோலின் முனைக்கு ரப்பர் போதாது, பனியில் குத்தி நிற்கும் இரும்பு முனை மாட்டிக்கொள்ளலாம். தினமும் காலையில் சோலங் சரிவின் அடியில் வெயில் படும் டீக்கடையில் அவருக்கு ஒரு நாற்காலி. உங்கள் பாடம் அவர் கண்ணெதிரே நடக்கும், ஒரு மணிக்கு எல்லோரும் அங்கேதான் வந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலும் மிளகாய்ப்பொடியும் கையில் இருந்தால் சோறோ ரொட்டியோ எது கிடைத்தாலும் சமாளித்துவிடலாம்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். நம் நாட்டுப் பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கு என்பது தொழில்முறையில் அதில் ஈடுபடுபவர்களுக்கானது. இருந்தாலும் உங்கள் பாலிசியில் அந்த வரியைப் படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

திரும்பும் நாளை ஞாயிறாக வைக்காதீர்கள். வெள்ளி காலை பத்து மணிக்கு மேல், நிழல் வளைவுகளில் வெயில் ஏறியபின் மணாலியை விட்டுக் கிளம்பி, பிலாஸ்பூரில் இரவு தங்கி, சனி மாலை வீடு வந்துவிடுங்கள். பண்டோவில் சாலை அடைபட்டால்கூட, திங்கள் காலை பள்ளிக்கும் ஆபீசுக்கும் முன் ஒரு முழு நாள் கையில் இருக்கும்.